ராத்திரி யார் கண் முழிக்கிறது?

மணி பதினொண்ணு. ஜோலார்பேட்டை ஜங்ஷன் வழக்கம்போல தூங்காம இருக்கு. சென்னையில இருந்து வர்ற வண்டிகள்ல சிலது பெங்களூரு பக்கம் பிரியுது, சிலது சேலம், கோவைன்னு போகுது. பிளாட்பாரத்துல 'டீ... டீ...' சத்தம். மைக்ல மூணு மொழியில அறிவிப்பு. எந்த நேரத்துக்குப் போனாலும் அங்கே யாரோ ஒருத்தர் முழிச்சிருப்பாங்க.

அங்கிருந்து கொஞ்ச தூரத்துல ஒரு பெட் கிளினிக். ஷட்டர் இறக்கி, பூட்டும் போட்டாச்சு. உள்ளே கூண்டுல உங்க வீட்டு நாய், பேரு மணி. அன்னிக்குக் காலைலதான் ஆபரேஷன். 'ஒரு ராத்திரி இங்கேயே இருக்கட்டும், காலைல வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னாங்க. நீங்களும் 'ஆஸ்பத்திரியில இருந்தா பத்திரம்'னு நம்பி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டீங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு மணிக்கு மூச்சு வாங்குது. (பேர் அப்படி, மன்னிச்சுக்குங்க!) பார்க்கறதுக்கு அங்கே யார் இருக்கா?

இது கற்பனைக் காட்சிதான். ஆனா நாய், பூனை வளர்க்கிற யாருக்கும் என்னிக்காவது ஒருநாள் இந்தக் கேள்வி வரத்தான் போகுது. ஆபரேஷன் முடிஞ்சதும் செல்லத்தை ஆஸ்பத்திரியிலேயே விடறதா, வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதா? 'எங்கே'ன்னு யோசிக்கிறதை விட்டுட்டு 'யார்'னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரி அது பக்கத்துல யார் கண் முழிச்சு இருக்கப் போறாங்க? அதுக்குப் பதில் தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

சி.எம்.சி. ஞாபகம்!

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரின்னாலே மனசுல வர்ற படம் வேலூர் சி.எம்.சி.தான். 1900-ல ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சது, இன்னிக்கு நாடு முழுக்க இருந்து ஜனங்க வந்து இறங்கற இடம். அங்கே ராத்திரின்னா ஷிஃப்ட் மாறுற நர்ஸ், டியூட்டி டாக்டர், வராண்டாவுல பாய் விரிச்சுப் படுத்திருக்கற சொந்தக்காரங்க. 'அட்மிட் பண்ணியாச்சு'ன்னா யாரோ பார்த்துக்கறாங்கன்னு அர்த்தம்.

அதே படத்தை அப்படியே நாய் ஆஸ்பத்திரிக்கும் ஒட்டிப் பார்க்கறோம். தப்பு அங்கதான் நடக்குது. சின்ன ஊர்ல பல கிளினிக் எப்படி ஓடுது? ஒரு டாக்டர், கூட ஒரு உதவியாளர். அவ்ளோதான். பகல் முழுக்க ஊசி, தையல், பிரசவம்னு பார்த்த டாக்டரே ராத்திரியும் கண் முழிக்கணும்னு எதிர்பார்க்கறது நியாயமில்லை. அரசு கால்நடை மருந்தகங்களும் பகல் நேரத்துக்கானதுதான். இது யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்லீங்க. நிலவரம் இதுதான்.

மனுஷங்களையே எடுத்துக்குங்க. பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன்னா சாயந்தரமே கறுப்புக் கண்ணாடி மாட்டி ஆட்டோல வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம். தாத்தாவுக்கு பைபாஸ்னா ஐ.சி.யூ.ல வச்சுட்டு நாம வெளியில உட்கார்றோம். ரெண்டும் ஆபரேஷன்தான். தேவை வேற, அதனால இடமும் வேற. மணிக்கும் இதே கணக்குதான்.

அந்த மூணு மணி நேரம்

இங்கிலாந்துல 2002 முதல் 2004 வரைக்கும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 117 கால்நடை மருத்துவமனைகள், 98,036 நாய்கள், 79,178 பூனைகள். மயக்க மருந்து கொடுத்ததுல எத்தனை இறந்துபோகுது, எப்போ இறந்துபோகுதுன்னு பார்த்தாங்க. 2008-ல வெளியான முடிவு இது: நாய்கள்ல 0.17 சதவீதம், பூனைகள்ல 0.24 சதவீதம். அதாவது சுமாரா 600 நாய்ல ஒண்ணு, 400 பூனைல ஒண்ணு. நோய் எதுவும் இல்லாத ஆரோக்கியமான நாயா இருந்தா ஆபத்து இன்னும் குறைவு, 0.05 சதவீதம்தான். முயல் வளர்க்கறவங்க மட்டும் கொஞ்சம் கவனமா கேளுங்க, அதுக்கு 1.39 சதவீதம்!

சரி, இறந்துபோனதுல எத்தனை ஆபரேஷன் டேபிள்ல போச்சு? இங்கதான் விஷயமே. நாய்கள்ல கிட்டத்தட்ட பாதி, பூனைகள்ல 61 சதவீதம் இறந்தது ஆபரேஷன் முடிஞ்ச பிறகு. அதுலயும் பெரும்பாலானது மயக்க மருந்தை நிறுத்தின முதல் மூணு மணி நேரத்துக்குள்ள.

ஏன்? தொண்டையில வச்ச குழாயை எடுத்ததும் மூச்சுப்பாதையை அதுவேதான் பார்த்துக்கணும். உடம்புச் சூடு இறங்கியிருக்கும். ரத்த அழுத்தம் இன்னும் ஒரு நிலைக்கு வந்திருக்காது. உள்ளே போட்ட முடிச்சு ஏதாவது நழுவியிருந்தா ரத்தக்கசிவு ஆரம்பிக்கும். 'ஆபரேஷன் சக்சஸ்'னு எல்லாரும் டீ குடிக்கப் போற நேரம்தான் அதுக்குக் கண்டம்.

அதனால என்ன பண்ணணும்? ஆபரேஷனைக் காலையில வைக்கச் சொல்லுங்க. மத்தியானம் முழுக்க, ஆளுங்க நடமாட்டம் இருக்கறப்பவே, கிளினிக்ல கண் முன்னாடி இருக்கட்டும். தலையைத் தூக்கி, எழுந்து, நாலு அடி நடந்து, உங்களைப் பார்த்து வாலாட்டின பிறகு சாயந்தரம் வீட்டுக்கு. ராத்திரி ஏழு மணிக்கு ஆபரேஷன், எட்டரைக்கு டிஸ்சார்ஜ்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. அதேபோல ராத்திரி ஏழு மணிக்கு ஆபரேஷன், எட்டரைக்கு ஷட்டர்... அதுவும் வேண்டாம்!

2003-ல வந்த ஹட்ச் விளம்பரத்தைப் பார்த்து ஊரே ஆசைப்பட்ட நாய் ஒண்ணு இருக்கே, பக்! மூக்கு சப்பையான அந்த வகைக்கு மூச்சுப்பாதையே நெருக்கடியானது. மயக்கம் தெளியறப்போ அதுக்குக் கூடுதல் நேரம், கூடுதல் கண்காணிப்பு வேணும். கிரேஹவுண்ட் மாதிரி ஒல்லி உடம்பு வேட்டை நாய்களுக்கு சில மயக்க மருந்து தெளிய ரொம்ப நேரம் ஆகும். சிப்பிப்பாறை, கன்னி வச்சிருக்கவங்க இதை டாக்டர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க.

யார் வீட்டுக்கு? யார் ஆஸ்பத்திரிக்கு?

ஆரோக்கியமா இருக்கற நாய், பூனைக்கு முன்கூட்டியே நாள் குறிச்சு செய்யற குடும்பக் கட்டுப்பாடு, மேல்தோல்ல ஒரு சின்னக் கட்டி, பல் எடுக்கறது... இதெல்லாம் சாயந்தரம் வீட்டுக்கு வரலாம். பழகின இடம், பழகின வாசனை, பழகின குரல். கூண்டுல பக்கத்து நாய் குரைக்கறதைக் கேட்டு நடுங்கறதைவிட, உங்க கட்டிலுக்குக் கீழே அது நல்லாவே தூங்கும். தடுப்பூசி முழுசா போடாத குட்டியா இருந்தா, பார்வோ வந்த நாய்க்குப் பக்கத்துக் கூண்டுல ராத்திரி தங்கறதே ஒரு ஆபத்து.

ஆனா வண்டியில அடிபட்டது, கர்ப்பப்பையில சீழ் பிடிச்சது, குடல் அடைச்சது, வயிறு முறுக்கிக்கிட்டது, மூத்திரம் அடைச்சு டியூப் போட்டிருக்கற கடுவன் பூனை, நிறைய ரத்தம் போனது, வலிப்பு வந்தது... இதெல்லாம் வேற கதை. இதுக்கு ராத்திரி முழுக்க டிரிப்ஸ், ஆக்சிஜன், மணிக்கணக்குப்படி வலி ஊசி வேணும். பாசம் மட்டும் வச்சுக்கிட்டு வீட்டுல ஒண்ணும் செய்ய முடியாது. இதுங்களுக்கு ராத்திரி ஆள் முழிச்சிருக்கற ஆஸ்பத்திரிதான் சரி. 'எங்க செல்லம் எங்களை விட்டு இருக்காது'ங்கற செண்டிமென்ட்டை அன்னிக்கு மட்டும் ஓரமா வைங்க.

சிக்கலே இந்த ரெண்டுக்கும் நடுவுலதான். பெரிய ஆபரேஷன், ஆனா பூட்டின கிளினிக். அப்போ எங்கே போறது? சென்னை வேப்பேரியில இருக்கற கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல தொடங்கினது, அதோட மருத்துவமனையில அவசர சிகிச்சைக்குத் தனிப் பிரிவே இருக்கு. இந்தப் பக்கம் பெங்களூரு ஹெப்பாள்ல ஒரு கால்நடைக் கல்லூரி, சேலம் தாண்டினா நாமக்கல்ல ஒண்ணு. போறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு, என்ன பிரச்னை, எத்தனை மணிக்கு வரலாம்னு கேட்டுக்கறது புத்திசாலித்தனம்.

'நம்மகிட்டதான் ஜங்ஷனே இருக்கே, ரயில் ஏத்திடலாம்'னு நினைக்காதீங்க. சென்னைக்கு 210 கிலோமீட்டருக்கு மேல. ஸ்லீப்பர்லயோ, சேர் கார்லயோ பெரிய நாயைக் கூட்டிட்டுப் போக ரயில்வே விடாது. முதல் வகுப்புல தனி கூபே முழுசா புக் பண்ணணும், இல்லேன்னா கார்டு பெட்டியில இருக்கற நாய்க் கூண்டு. தையல் போட்ட உடம்போட அந்தக் கூண்டுல மூணு, நாலு மணி நேரம்... யோசிச்சுப் பாருங்க. கார் ஏற்பாட்டை ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசி வைக்கணும். வயிறு திறந்த பிறகு வண்டி தேடக்கூடாது.

தெரு நாய்க்கு மட்டும் ஏன் தங்கல்?

ஒரு வேடிக்கை கவனிச்சிருக்கீங்களா? காசு கொடுத்து வளர்க்கிற நாய் ஆபரேஷன் அன்னிக்கே வீடு திரும்புது. தெரு நாய்க்குக் கருத்தடை செஞ்சா உடனே விடறதில்லை. காயம் ஆறுற வரைக்கும் சில நாள் வச்சிருந்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காதுல அடையாளம் வெட்டி, பிடிச்ச அதே தெருவுல கொண்டுவந்து விடணும். விதியே அப்படித்தான்.

இந்த விஷயத்துல தமிழ்நாடு முன்னோடி. 1959-ல சென்னையில உருவான ப்ளூ கிராஸ், தெரு நாயைக் கொல்றதுக்குப் பதிலா கருத்தடை பண்ணலாம்னு 1960-கள்லயே சொல்ல ஆரம்பிச்சது. சென்னை மாநகராட்சி அதை ஏத்துக்கிட்டது 1996-ல. மத்திய அரசு 2001-ல விதிகளாவே கொண்டுவந்து, 2023-ல புதுசா மாத்தி எழுதினது.

ஏன் தெரு நாய்க்குத் தங்கல் கட்டாயம்? அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்து தையலைப் பார்க்க ஆள் இல்லை. நக்காதேன்னு அதட்ட ஆள் இல்லை. மழையில நனையாம உள்ளே இழுத்துப் போட ஆள் இல்லை. ஆள் இல்லாததுக்குத்தான் ஆஸ்பத்திரி. நம்ம மணிக்கு ஆள் இருக்கு. சரி, நிஜமாவே இருக்கா?

நைட் டியூட்டி உங்களுக்குத்தான்!

நம்ம பகுதி வீடுகளைப் பாருங்க. ஷூ கம்பெனி பஸ் விடிகாலையிலயே தெருமுனைக்கு வந்துடும். அம்மாவோ அக்காவோ அதுக்குள்ள சமைச்சு, டப்பா கட்டி ஓடணும். அப்பாவுக்கு ஷிஃப்ட். அவங்களைப் போய் ராத்திரி கண் முழிக்கச் சொல்ல முடியுமா?

செமஸ்டருக்கு முதல் நாள் மூணு மணி வரைக்கும் முழிச்சிருக்கறது யாரு? கிரிக்கெட் மேட்ச்சுக்காக விடிய விடிய உட்கார்றது யாரு? அந்தத் திறமையை ஒரே ஒரு ராத்திரி மணிக்குக் கொடுங்க பாஸ். ஆபரேஷனுக்கு சனிக்கிழமை காலை கேட்டு வாங்கினா, ஞாயிறும் கையில இருக்கும்.

செய்ய வேண்டியது இவ்ளோதான்:

* படுக்கை தரையில. கட்டில், சோபா வேண்டாம். தள்ளாடி விழும். கீழே சாக்கு, மேலே பழைய பெட்ஷீட். ஏலகிரி அடிவாரத்து மார்கழிக் குளிர்ல வெறும் டைல்ஸ்ல படுக்க விடாதீங்க. ஃபேன் காத்து நேரா அடிக்க வேண்டாம். வெந்நீர் பாட்டிலை நேரா உடம்புல ஒட்டி வைக்கவும் கூடாது. மயக்கத்துல நகரத் தெரியாம சுட்டுக்கும்.

* பூனையா இருந்தா ஒரு ரூம்ல விட்டு ஜன்னலை சாத்துங்க. அரை மயக்கத்துல மதில் தாண்டற ஜாதி அது.

* நல்லா தெளிஞ்ச பிறகு கொஞ்சம் தண்ணி. வாந்தி இல்லேன்னா, டாக்டர் சொன்னபடி கொஞ்சூண்டு சாப்பாடு. முதல் ராத்திரி சாப்பிடலைன்னா பதறாதீங்க. லேசா நடுக்கம், முனகல், தூக்கக் கலக்கம்... இதெல்லாம் சகஜம்.

* கழுத்துல மாட்டற புனல் மாதிரி காலரைப் 'பாவம்'னு கழட்டாதீங்க. அஞ்சு நிமிஷ நக்கல்ல தையல் பிரிஞ்சுடும். தையல் எடுக்க 10 முதல் 14 நாள். அதுவரைக்கும் குளியல், ஓட்டம், மாடிப்படி எல்லாத்துக்கும் லீவு.

* ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. இளஞ்சிவப்பா இருக்கணும். விரலால அழுத்தி விட்டா, வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள பழைய நிறத்துக்கு வரணும். ஈறே கறுப்பா இருக்கற நாய்னா கீழ் இமையை இறக்கி உள்ளே பாருங்க.

* வலிக்குதேன்னு வீட்டுல இருக்கற ஜுர மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை உயிரை எடுத்துடும். ஐபுப்ரோஃபென் நாயோட வயித்தையும் கிட்னியையும் கெடுக்கும். டாக்டர் எழுதினது மட்டும்தான்.

எப்போ ஃபோனை எடுக்கணும்? ஈறு வெளுத்துப்போனா, கூப்பிட்டும் தட்டியும் முழிக்கலைன்னா, மூச்சுக்குத் திணறினா, காயத்துல ரத்தம் சொட்டிக்கிட்டே இருந்தா, வயிறு உப்பிக்கிட்டே போனா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா. இதுல ஒண்ணு இருந்தாலும் 'விடியட்டும் பார்க்கலாம்'னு இருக்காதீங்க. விடியற வரைக்கும் அது தாங்காது.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி...

அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல ஒரு விதி உண்டு. கால்நடை மருத்துவமனையில செல்லத்தை விட்டுட்டுப் போறப்போ, எந்த நேரத்துலயாவது அங்கே ஆளே இருக்காதுன்னா, அதை முன்கூட்டியே வளர்க்கறவங்களுக்குத் தெரிவிக்கணும். ஆள் வச்சே ஆகணும்னு அந்த விதி கட்டாயப்படுத்தலை. மறைக்காதேன்னு மட்டும்தான் சொல்லுது. தெரிஞ்சா நாம முடிவெடுத்துக்கலாம் இல்லையா?

நமக்கு அப்படி போர்டு எதுவும் வைக்கத் தேவையில்லை. வாய் இருக்கு, கேட்கலாம். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கறப்பவே இந்த அஞ்சு கேள்வி:

1. ஆபரேஷன் எத்தனை மணிக்கு? மயக்கம் தெளிஞ்சு எத்தனை மணி நேரம் இங்கே வச்சிருப்பீங்க?

2. ராத்திரி தங்க வைக்கணும்னா இங்கே முழிச்சிருக்கறது யாரு? நாங்க யாராவது கூட இருக்கலாமா?

3. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த நம்பருக்குக் கூப்பிடறது?

4. வலிக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஒருதரம்?

5. நிலைமை மோசமானா நீங்க எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க?

இதைக் கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு தயக்கமா? நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். 'பரவாயில்லையே, இந்தப் பையன் கவனமா இருக்கானே'ன்னு தைரியமா உங்ககிட்ட ஒப்படைப்பார். 'ராத்திரி இங்கே ஆள் கிடையாதும்மா, வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க, ஏதாவதுன்னா என் செல்லுக்கு அடிங்க'ன்னு நேர்மையா சொல்ற ஒரு சின்ன கிளினிக், எதுவும் சொல்லாம கூண்டைப் பூட்டற பெரிய கிளினிக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். கால்நடைகளுக்கான 1962-ங்கற இலவச எண்ணையும் ஃபோன்ல பதிஞ்சு வைங்க. ராத்திரியில உங்க பகுதிக்கு வண்டி வருமான்னு பகல்லயே ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க. தெரிஞ்ச ஆட்டோ அண்ணன் நம்பரும் பக்கத்துலயே இருக்கட்டும்.

ஏன்னா, வீட்டுல முழிச்சிருக்கற நீங்க டாக்டர் இல்லை. உங்களால ஆபரேஷன் பண்ண முடியாது. ஆனா ஈறு வெளுத்ததை அந்த நிமிஷமே பார்க்க முடியும். பார்த்ததும் யாரையாவது எழுப்ப முடியும். பூட்டின ஷட்டருக்குள்ள அது ரெண்டுமே நடக்காது.

இப்போ மறுபடியும் அதே ராத்திரி. மணி ரெண்டு. ஜங்ஷன்ல ஏதோ ஒரு எக்ஸ்பிரஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டு உள்ளே வருது. உங்க வீட்டு ஹால்ல ஜீரோ வாட்ஸ் பல்பு. மடியில திறந்த புக், ஒரு கை மட்டும் மணியோட முதுகு மேல. மூச்சு சீரா ஏறி இறங்குது. ஒருதரம் கண்ணைத் திறந்து, நீங்க இருக்கீங்களான்னு பார்த்துட்டு, மறுபடி மூடிக்குது.

அடுத்த மணிக்கு அலாரம் வச்சாச்சா?